ஞாயிறு மதியம் படுத்திருந்தவள்

ஜோயல்,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். நலமாக இருக்கிறோமா இல்லையா என்றே தெரியாமல் இருந்தவள் நான். அது தெரிய வந்ததும் உன் வாயால் இல்லை, டாக்டர் வாயால் இல்லை. கோவில் நிறைய ஜனம் கண்ணை மூடிக்கொண்டிருக்க, மைக்கில் தெரிய வந்தது. என் கல்லீரல் சங்கதியை நீ ஊர் கேட்கச் சொல்ல வைத்தாய். நானும் உனக்குச் சொல்ல வேண்டியதை ஊர் படிக்கும்படியே எழுதுகிறேன். நம் சபையின் மாத இதழில் போடக் கொடுத்திருக்கிறேன். போதகர் படித்துவிட்டு, "இதெல்லாம் வீட்டு விஷயமாச்சேம்மா, வேணாமே" என்று தயங்கினார். "மைக்ல சொல்லலாம், அச்சுல போடக்கூடாதா ஐயா?" என்றேன். தாளை மடித்து வாங்கி வைத்துக்கொண்டார். அச்சுக்குப் போகும் முன்பே உனக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன். எனக்கு நீ தராத மரியாதை அது.

விவரம் தெரியாமல் படிக்கிறவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். கல்லீரலுக்கு ஒரு நல்ல குணம், மிச்சம் இருப்பது மெல்ல வளர்ந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும். என்னுடையதும் பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு சில மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். போன மாதமும் எடுத்தோம். நீதான் போய் ரிப்போர்ட் வாங்கி வந்தாய். "எல்லாம் கிளியர்மா. கொஞ்சம் கொழுப்பு இருக்காம், அவ்ளோதான்" என்றாய். நான் நம்பினேன். நம்ப ஆசையாகவும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாரம் உங்கப்பா எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். கல்யாணமான நாள் முதல் அடுப்படியில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனிதர். அந்தக் காபியைக் குடித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சர்க்கரை தூக்கலாக இருந்ததைப் பற்றி மட்டும் சண்டை போட்டேன்.

அப்புறம் அந்த ஞாயிறு. நான் எப்போதும் விடியற்காலை ஆராதனைக்குத்தான் போவேன் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டு மோட்டார் மக்கர் பண்ணிவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆள் வந்து சரி செய்து குளித்துக் கிளம்புவதற்குள் முதல் ஆராதனை முடிந்துவிட்டது. சரி, இரண்டாவதுக்குப் போவோம் என்று போனோம். உங்கப்பா ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார், நான் பெண்கள் பக்கம். வியாதியஸ்தருக்கான ஜெபத்தைப் போதகர் ஆரம்பித்தார். "ரயில்வே முன்பதிவில் பணி செய்து ஓய்வு பெற்ற எங்கள் சகோதரி, ஜோயல் தம்பியின் தாயார், அவர்கள் கல்லீரலில் திரும்பவும் அந்த வியாதி கண்டிருக்கிறபடியால், மறுபடியும் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அவர்கள் பிள்ளைகள் கண்ணீரோடு எடுத்திருக்கிற தீர்மானத்தை நீர் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்றார். யாரோ ஒரு பாவப்பட்ட ஜீவனைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் முதலில் காதில் விழுந்தது. ரயில்வே, ஜோயல், தாயார் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்காருவதற்குள் ஜெபம் முடிந்துவிட்டது. சபை முழுக்க ஆமென் என்றது. பழக்க தோஷம், என் வாயும் ஆமென் என்றது. எனக்கு அறுவை வேண்டாம் என்று யாரோ எடுத்த தீர்மானத்துக்கு நானே ஆமென் போட்டேன், ஜோயல். கண்ணைத் திறந்து ஆண்கள் பக்கம் பார்த்தேன். உங்கப்பா தலையைக் குனிந்திருந்தார். ஜெபம் முடிந்து எல்லோரும் நிமிர்ந்த பிறகும் அவர் நிமிரவில்லை.

"அம்மா முதல் ஆராதனைக்குத்தான் வருவாங்க ஐயா, ரெண்டாவதுல வெச்சு ஜெபிங்க" என்று நீ போதகரிடம் போனில் சொல்லியிருக்கிறாய், அவரே பிறகு என்னிடம் சொன்னார். என்ன ஒரு புத்திசாலித்தனம்! இரண்டாவது ஆராதனையில் சொன்னது முதல் ஆராதனைக்காரர் காதுக்கு வராது என்று இந்தத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த நீ எப்படி நம்பினாய்? வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் பெண்கள் சங்கம் மொத்தமும் என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாள். ஒருத்தி, "உங்க பிள்ளைங்க எவ்ளோ பொறுப்பா முடிவெடுத்திருக்காங்க பாருங்கக்கா" என்று உச்சுக்கொட்டினாள். எனக்கே தெரியாத விஷயத்துக்கு எனக்கே ஆறுதல். நான் எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உங்கப்பாவை நிற்க வைத்துக் கேட்டேன். "எப்பலருந்து தெரியும்?"

"ஸ்கேன் எடுத்தப்பவே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஜோயல்தான் வேணாம்னான். நீ தாங்க மாட்டேன்னான்."

"நான் தாங்க மாட்டேனா? போன தடவ வயித்தக் கிழிச்சப்ப தாங்கினது யாரு, நீங்களா, அவனா?"

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அழுவது கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்தாராம். அன்றைக்குத்தான் சரி செய்த மோட்டார், தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. கதவைத் தட்டி, "அழறதுன்னா குழாய மூடிட்டு அழுங்க" என்றேன். உன் மேல் இருந்த கோபத்தில் பாதியை அவர் வாங்கிக்கொண்டார். மீதியைத்தான் இப்போது உனக்கு அனுப்புகிறேன்.

கேளம்பாக்கத்திலிருந்து நீயும் என் மருமகள் ஷீபாவும் வழக்கம்போல மதியம் வந்தீர்கள். அன்றைக்கு நான் படுக்கவில்லை என்பதை நீ கவனித்தாயா? கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மன்னிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். நீ பையிலிருந்து லாப்டாப்பை எடுத்தாய். "அம்மா, எமோஷனலா பாக்காதம்மா. டேட்டா என்ன சொல்லுதுன்னு பாரு" என்றாய். நீ விளக்கியதை நான் பொறுமையாகத்தான் கேட்டேன். இதே வியாதி திரும்பி வந்து, திரும்பவும் வெட்டிக்கொண்டவர்கள் பலருடைய விவரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். முதல் அறுவைக்குப் பின் எவ்வளவு காலம் கழித்துக் கட்டி வந்தது, ஒன்றா பலவா, எத்தனை பெரிது, மிச்சக் கல்லீரலின் பலம் என்ன, முதல் கட்டி ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருந்ததா, ஆள் எப்படி நடமாடுகிறார் என்று கேள்விகள். எல்லாவற்றையும் நிரப்பினால் ஓர் எண் வரும். மறு அறுவை செய்தால் இந்த ஆள் எப்படி இருப்பார் என்பதற்கான கணிப்பு. அந்த எண்ணை எனக்குக் காட்டினாய். பார்த்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். அது என்னுடையது.

நான் கேட்டது ஒன்றுதான். "ஆள் எப்படி நடமாடறாங்கன்னு கேட்டாங்களே, அதுக்கு என்ன சொன்ன?"

"டாக்டர் கேட்டாரும்மா, பகல்ல பாதி நேரத்துக்கு மேல படுத்தே இருக்காங்களான்னு. ஆமான்னு சொன்னேன்."

"நான் படுத்தே இருக்கேனா?"

"நான் பொய் சொல்லலம்மா. நான் வர்றப்பல்லாம் நீ படுத்துத்தானே இருக்க? நான் பாத்ததத்தான் சொன்னேன்."

அட என் ராசா. நீ எப்போது வருகிறாய்? ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறாய். வெயில் தாழ்ந்ததும், வண்டலூர் ரோட்டில் டிராஃபிக் ஆகிவிடும் என்று கிளம்பிவிடுகிறாய். விடியுமுன் எழுந்து கோவிலுக்குப் போய் வந்து, இஞ்சி பூண்டு அரைத்து, கறியைக் கழுவி, அண்டாவில் பிரியாணி தம் போட்டு, தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் நறுக்கி, உங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, நானும் ஒரு தட்டு சாப்பிட்டு ஃபேனுக்குக் கீழே காலை நீட்டினால் அதற்குப் பெயர் வியாதியா? அந்த நேரத்தில் கிழக்குத் தாம்பரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார். பாதி ஜனம் படுத்துத்தான் இருக்கும். அவர்களுக்கெல்லாம் அறுவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவாயா? பக்கத்துக் கட்டிலில் உங்கப்பா விட்ட குறட்டை உன் காதில் விழவில்லையா? நீ இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்ட பிரியாணியை யார் செய்தது என்று அந்த லாப்டாப் உன்னைக் கேட்கவில்லையா? திங்கள் முதல் சனி வரை உன் அம்மா என்ன செய்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு போன் போட்டு, "அம்மா, நீ எவ்ளோ நேரம் படுப்ப?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று கேட்கவில்லை. என்னிடம் மறைப்பதற்காக என்னைப் பற்றித் தப்பாகச் சொன்னாய். அந்தத் தப்பின் மேல் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நான் எப்படிச் சாக வேண்டும் என்று முடிவு செய்தாய். நீ செய்தது இதுதான். எவ்வளவு பூசி மெழுகினாலும் இதுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. கோபத்தில் வீட்டில் உட்கார முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். நான் எப்போதும் வாங்கும் மீன்காரம்மா என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னா மேடம், மெய்யாலுமே நீதானா? ஒடம்பு ரொம்ப முடியாம பட்த்துகினு கீறன்னு சொன்னாங்கோ!"

"யாரு சொன்னா?"

"உங்க கோயில் டீச்சரம்மாதான் சொல்லிகினு போச்சு. புள்ளைங்கோ ஆப்ரேசன் வாணாம்னுட்டாங்களாமே?" என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலேயே இரண்டு வஞ்சிரத் துண்டைப் பையில் போட்டாள். "இத்த எட்த்துனு போ. உன்கைல துட்டு வாங்க மன்சு வர்ல."

"மனசு வரலன்னா மீனை வெளிய எடு. ஒழுங்கா தராசுல வெச்சு எடை போட்டுக் குடு. செவுள் செவப்பா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வாங்குவேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "கோவத்துக்கு ஒண்ணும் கொற்ச்சல் இல்ல. நீ இன்னும் ரொம்ப நாளு இருப்ப, போ!" என்றாள். அதை நான் நம்பிவிடவில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். மீன் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பப் பாலம் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியதா என்று நானே கவனித்துக்கொண்டே ஏறினேன். வாங்கியது. என் வயதில் எல்லோருக்கும் வாங்குகிற அளவு வாங்கியது.

கணிப்பு என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதே. என் வேலையே அதுதானே? சர்வீஸ் முழுக்க, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஜனங்கள் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "மேடம், இது கன்ஃபர்ம் ஆகுமா?" என்பதுதான். எந்த ரயில், எந்தச் சீசன், வெயிட்டிங் லிஸ்டில் எத்தனையாவது ஆள் என்று பார்த்து, "ஆயிடும்" என்போம், "கஷ்டம்தான்" என்போம். பெரும்பாலும் பலிக்கும். சில சமயம் பலிக்காது. ஒரு தடவை அனகாபுத்தூரிலிருந்து ஓர் ஆள் வந்தான். தன் அம்மா நாகர்கோவில் போக எடுத்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வந்திருந்தான். "எப்படியும் கன்ஃபர்ம் ஆகாது மேடம். அம்மா வீணா மூட்ட முடிச்சோட வந்து அலைவாங்க" என்றான். எண்ணைப் பார்த்தேன், அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. டிக்கெட்டைக் கொண்டு வந்தவனுக்குக் கேன்சல் பண்ணிக் கொடுப்பதுதான் விதி, கொடுத்தேன். சாயங்காலம் அந்த அம்மா பையும் கையுமாக என் கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நின்றாள். தங்கைக்கு உடம்பு முடியவில்லையாம், கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். "என் சீட்டு என்னாச்சும்மா, பாத்துச் சொல்லு" என்றாள். மகன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்க பையன் கேன்சல் பண்ணிட்டாரும்மா" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த டிக்கெட் கன்ஃபர்ம் ஆகியிருக்குமா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. ஆகாமலே போயிருக்கலாம். ஆனால் ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்து பார்ப்பதா, வீட்டிலேயே இருப்பதா என்பது பயணம் போகிறவள் சொல்ல வேண்டியது. அந்த அம்மா பையைக் கீழே வைக்காமலேயே வெகுநேரம் நின்றாள். போன ஞாயிறு கோவில் வாசலில் நின்றபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை உன்னிடம் சொல்லாமல், நீ என்னைப் பற்றிப் பேசிவிட்டு வந்த அந்த சர்ஜனைப் பார்க்கப் போனோம். மின்சார ரயிலில் போனோம். வழியெல்லாம் உங்கப்பா, "ஜோயலுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "அவன் எனக்குச் சொன்னானா?" என்றேன். இறங்கிய ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ஓடவில்லை. படியேறி நான் மேலே போய் நின்றபோது அவர் பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இளைத்துக்கொண்டிருந்தார். அறைக்குள் நுழைந்ததும் அந்த டாக்டர் எழுந்து உங்கப்பாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, "எப்படி இருக்கீங்க சார், வயிறு வலி இருக்கா?" என்று கேட்டார். உங்கப்பா திருதிருவென்று முழித்தார். "பேஷன்ட் நான்தான் டாக்டர்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு தனியாகப் போய், "அம்மாவால வர முடியல, அவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? நம் ஊரில் எல்லோரும் செய்வதுதானே, ஆளை வீட்டில் விட்டுவிட்டு ஸ்கேனை மட்டும் டாக்டரிடம் கூட்டிப்போவது. "படுக்கையிலயே இருக்கிறவங்கன்னு நெனச்சுதாம்மா நான் சர்ஜரி வேண்டாம்ங்கற பக்கம் சாஞ்சேன். நான் நேர்ல பாக்காம சொல்லியிருக்கக் கூடாது, சாரி" என்றார். ஒரு டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உன்னிடமிருந்து இன்னும் வரவில்லை. கேள்விகளை மறுபடி என்னிடமே கேட்டார். சமையல் யார், கடைக்கு யார், மாடிக்குத் துணி காயப்போட யார் போவது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் என்றேன். உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "ஆமா டாக்டர், இவதான்" என்றார். நடக்க வைத்துப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். எண் மாறியது. ஒரே தாவாகத் தாவி விடவில்லை, ஆனால் நீ கதவைச் சாத்தின இடத்தில் அது இப்போது இல்லை. கட்டி ஒன்றே ஒன்று, சிறியது, திரும்பி வரக் காலம் எடுத்துக்கொண்டிருக்கிறது, இதெல்லாம் எனக்குச் சாதகம். முதல் கட்டி ரத்தக்குழாய்க்குள் எட்டிப் பார்த்திருந்தது, அது பாதகம். வெட்டாமல் கட்டிக்குள் ஊசி விட்டுச் சூட்டால் பொசுக்கலாம் என்றால், அது பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதாம், சூடு சரியாகப் பிடிக்காதாம். மாத்திரை கொஞ்ச காலம் தள்ளிப்போடும் என்றார்.

"இந்த நம்பர் இதுக்கு முன்னாடி பண்ணிக்கிட்டவங்கள வெச்சுச் சொல்றதும்மா. உங்களுக்கு என்ன ஆகும்னு இது சொல்லாது. போன ஆபரேஷன்ல உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கும், பிரிச்செடுக்கணும், ரத்தம் போகும். வயித்தத் தொறந்து பாத்துட்டு, முடியாதுன்னு மூடற மாதிரியும் ஆகலாம். நல்லபடியா முடிஞ்சாலும் மறுபடி வரலாம்" என்றார். இவ்வளவையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், ஜோயல். நான் தாங்கினேன். உடைந்து விழவில்லை. முடிந்து வீட்டுக்கு வந்தால் என் வேலையை நானே செய்து கொள்வேனா என்று கேட்டேன். எல்லாம் சரியாகப் போனால் செய்வீர்கள் என்றார். அப்படியென்றால் நாள் குறியுங்கள் என்றேன். உங்கப்பா என் கையைப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்லப் பிடிக்கிறாரோ என்று பார்த்தேன். அவர் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். வரும் வழியில் இரண்டு பேரும் ஸ்டேஷன் வாசலில் வடை சாப்பிட்டோம்.

நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன முறை அறுவை முடிந்து ஐ.சி.யூ.வில் நான் நினைவு தடுமாறிக் கிடந்தபோது, நீ வந்து "அம்மா" என்று கூப்பிட்டதற்கு, "யாருப்பா நீ, வரிசையில நில்லு" என்றேனாம். நர்ஸ் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்களாம். நீ மட்டும் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாயாம். ஷீபாதான் சொன்னாள். இந்தத் தடவையும் "அத்தைகிட்டயே கேட்டுடலாங்க" என்று அவள்தான் சொன்னாளாம், நீதான் அவள் வாயை அடைத்தாயாம். அந்தப் படிக்கட்டில் இன்னொரு முறை உட்கார உன்னால் முடியாது. அதனால்தான் உனக்குப் பிடித்த பதில் வருகிற மாதிரி அந்தக் கேள்விகளை நிரப்பினாய். வேண்டுமென்றே செய்தாய் என்று சொல்ல மாட்டேன். பயந்தவன் கண்ணுக்கு அம்மா எப்போதும் படுத்துத்தான் தெரிவாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உன்னைவிட அதிகமாக இருக்கிறது, கத்தி என் வயிற்றில்தானே இறங்கப் போகிறது? ஆனால் உன் பயத்துக்காக நான் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ள முடியாது.

ரயில்வே மைதானத்தில் ஆடும்போது உன் கால் எலும்பு முறிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்துப் பையன் நீ. மாவுக்கட்டுப் போட்டு விட்டால் சேர்ந்துவிடும், ஆனால் கொஞ்சம் கோணலாகச் சேரலாம். பிளேட் வைத்தால் நேராக இருக்கும், ஆனால் கிழிக்க வேண்டும். எது என்று டாக்டர் எங்களைத்தான் கேட்டார். உங்கப்பாவுக்கு உன்னைக் கிழிக்க விட மனசே இல்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் வந்து உன் கட்டில் பக்கத்தில் நின்று உன்னைக் கேட்டோம். அழுதுகொண்டே, "நான் ஃபுட்பால் ஆடணும், பிளேட் வைங்க" என்றாய். வைத்தோம். மீசை முளைக்காத உன்னிடம் உன் காலைப் பற்றிக் கேட்டோம். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இருக்கிற என்னிடம் என் உயிரைப் பற்றிக் கேட்க உனக்குத் தோன்றவில்லை. என் கோபத்தின் அடியில் கிடப்பது இதுதான். வியாதி திரும்பி வந்ததைக்கூட நான் ஜீரணித்துவிட்டேன். இதை முடியவில்லை. நாளைக்கு ஷீபாவுக்கோ உன் பிள்ளைகளுக்கோ ஒன்று என்றால், தயவுசெய்து அவர்களிடம் முதலில் கேள். அவர்கள் சொல்லும் பதில் உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அதையும் கேள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அட்மிஷன். இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். எப்படி இருப்பேன் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் உனக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு மதியம் வழக்கம்போல வந்து நிற்காதே. சனிக்கிழமை காலையில் வா, வெயில் ஏறுமுன் வா. மார்க்கெட்டுக்குப் போவோம். பாலத்தில் பையை நான் தூக்குவேன், நீ பிடுங்கக் கூடாது. பக்கத்தில் நடந்து வந்து பார். உன் அம்மா எங்கே நிற்கிறாள், எங்கே மூச்சு வாங்குகிறாள், யாரோடு சண்டை போடுகிறாள் என்று எல்லாவற்றையும் பார். வியாழக்கிழமைக்குப் பிறகு அதெல்லாம் எப்படியோ, இப்போது இருக்கிறதைப் பார்த்து வைத்துக்கொள்.

இரண்டாவது, மார்க்கெட்டிலிருந்து வந்ததும் நீயே போதகர் வீட்டுக்குப் போ. போனில் பேசாதே, நேரில் போ. பிள்ளைகள் தீர்மானத்தை மாற்றிவிட்டோம் என்று சொல்லி வைக்காதே. அம்மா தீர்மானம் எடுத்திருக்கிறாள், அதற்காக ஜெபியுங்கள் என்று சொல். எந்த ஆராதனையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், இரண்டுக்கும் நான் வருவேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடமாட்டேன். அவர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சரியாகச் சொல்லியிருந்தால், அப்புறம் ஆமென் சொல்வேன்.

அம்மா